அடிப்பவனின் காரணங்களும் அடிபடுபவளின் போக்கிடமும்

தேசியக் குடும்ப நல ஆய்வுக்காக வீடு வீடாகப் போகும் பெண் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கேள்வித்தாளில் குடும்ப வன்முறை பற்றிய பகுதியைத் தொடங்குமுன் அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இடையில் மாமியாரோ கொழுந்தனோ வந்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். தனிமையே கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைத் தொடாமலே விட்டுவிட வேண்டும். வீட்டில் நான்கு பெண்கள் இருந்தாலும் ஒருவரிடம் மட்டுமே இதைக் கேட்கலாம். என்ன கேட்டார்கள் என்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால், பதில் சொன்னவளுக்கு அன்று இரவே அடி விழக்கூடும் என்பதுதான் காரணம்.

கேள்விகளும் யோசித்து அமைக்கப்பட்டவை. "உங்க வீட்டுக்காரர் கொடுமைப்படுத்துறாரா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார்கள். அறைந்தாரா? தள்ளினாரா, எதையாவது தூக்கி எறிந்தாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா? கத்தியைக் காட்டி மிரட்டினாரா? அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட அளவுகோலை ஒட்டி வளர்ந்த முறை இது. இப்படிக் கேட்பதற்கு வலுவான தேவை இருக்கிறது. 1990களில் கர்நாடகக் கிராமங்களில் குயவர் சமூகத்துக் குடும்பங்களை ஆராய்ந்த பொருளியலாளர் விஜயேந்திர ராவ், அங்கிருந்த பெண்கள் ஓர் அறையையோ இரண்டு அடியையோ வன்முறைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று கண்டார். அளவு மீறிப் போனால்தான் அவர்களுக்கு அது சொல்லத்தக்க விஷயம்.

2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்று ஆய்வின்படி, இந்தியாவில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவனின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ ஒருமுறையாவது சந்தித்திருக்கிறார்கள். கிராமத்தில் 31.6, நகரத்தில் 24.2. கிராமத்தில் அதிகம்தான், ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்கு அந்த இடைவெளி பெரிதல்ல. மாநிலங்களுக்கு இடையிலான இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரிது. கர்நாடகம் 44.4, பீகார் 40, தமிழ்நாடு 38.1. கேரளமோ பத்தை ஒட்டி நிற்கிறது.

தமிழ்நாட்டு எண்ணைப் படிக்கும்போது சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பெண் கல்வி, மருத்துவமனைப் பிரசவம், குறைந்த பிறப்பு விகிதம் என்று எதை எடுத்தாலும் பீகாரை வெகு தொலைவில் விட்டு வந்த மாநிலம், இந்த ஒன்றில் மட்டும் அதன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. 'ஏழ்மையும் படிப்பின்மையும்தான் காரணம்' என்ற விளக்கம் முதல் சோதனையிலேயே தடுமாறிவிடுகிறது. தனித்தனிக் குடும்பங்களாக எடுத்தால் அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பள்ளிக்கே போகாத பெண்களில் 40 சதவீதத்தினர் உடல் வன்முறையைச் சந்தித்திருக்கும்போது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களிடம் அது 18ஆகக் குறைகிறது. ஆனாலும் 18 என்பது பூஜ்யமல்ல. மாநில வேறுபாட்டைப் படிப்பு மட்டும் விளக்கிவிடுவதும் இல்லை.

இன்னொரு விளக்கமும் இங்கே ஆட்டம் காண்கிறது. 1983இல் டிம் டைசன், மிக் மூர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்திய உறவுமுறைகளை ஒப்பிட்டு ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வடக்கில் பெண்ணை முன்பின் தெரியாத தூரத்து ஊருக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். தெற்கில் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கொடுக்கிறார்கள். அதனால் தெற்கத்திப் பெண்ணுக்குச் சுதந்திரமும் ஆதரவும் கூடுதல் என்றார்கள். நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம், "சொந்தத்துல குடுத்தா பொண்ணு நம்ம கண்ணு முன்னாடியே இருப்பா" என்று. ஆனால் அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் கை நீட்டினால், அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? அம்மாவிடம்தான். அந்த அம்மாவோ அடிப்பவனின் உடன்பிறந்த அக்கா. மாமியாரோ அவளுடைய சொந்தப் பாட்டி. கண் முன்னே இருப்பது காவலாகவும் அமையலாம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதாகவும் ஆகலாம். இது என் ஊகம்தான். ஆனால் இனிச் சொல்லப்போகும் ஆய்வுகள் பலவும் ஏதோ ஒரு வழியில் இந்த வாசலுக்கே வந்து சேர்கின்றன.

ஒற்றைக் காரணத்தைத் தேடுவதை இத்துறை ஆய்வாளர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். 1998இல் லோரி ஹைஸ் எழுதிய கட்டுரை ஒன்று, காரணங்களை ஒன்றைச் சுற்றி ஒன்றாக நான்கு வட்டங்களில் வைத்துப் பார்க்கச் சொன்னது. ஆளின் வளர்ப்பும் குணமும் உள்வட்டம். கணவன் மனைவி உறவும் வீட்டுப் பணமும் அடுத்தது. அக்கம்பக்கம், வேலை, ஊர் மூன்றாவது. எது ஆண்மை, எது பெண்ணுக்கு அழகு என்று விதிக்கும் சமூகம் வெளிவட்டம். ஒரே காரணம் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு விளைவைத் தரும் என்பதுதான் இந்தப் பார்வையின் பயன்.

முதலில் குடியை எடுத்துக்கொள்வோம். எந்தக் கிராமத்தில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான். "குடிக்காத நாள்ல தங்கமான மனுஷன்" என்ற வாக்கியத்தைக் கேட்காத சமூகநலப் பணியாளர் இருக்க முடியாது. குடும்ப நல ஆய்வின் எண்களும் அதையே சொல்கின்றன. அடிக்கடி போதையில் மூழ்கும் கணவனோடு வாழ்பவர்களில் 70 சதவீதத்தினர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவனோடு வாழ்பவர்களில் 23 சதவீதத்தினர். மூன்று மடங்கு வேறுபாடு. இதைவிடப் பெரிய தனிக்காரணி அந்த ஆய்வில் அரிது.

ஆனால் அந்த 23ஐயும் பார்க்க வேண்டும். இந்தியாவில் குடிக்காத ஆண்களே பெரும்பான்மை. அதே ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் கிராமத்தில் 19.9 சதவீதம், நகரத்தில் 16.5. அந்தப் பெரிய கூட்டத்தில் 23 சதவீதம் என்றால், தெளிந்த புத்தியோடு அடிப்பவர்களின் தொகை எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மது மூளையில் என்ன செய்கிறது என்பது ஓரளவு தெரியும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியின் கட்டுப்பாட்டை அது தளர்த்துகிறது. கவனம் குறுகி, கண்முன் உள்ள எரிச்சல் மட்டும் பெரிதாகிறது, நாளைய விளைவு மங்கிவிடுகிறது. ஆனால் கட்டுப்பாடு முழுக்கப் போய்விடுவதில்லை. 1969இல் மக்கான்ட்ரூ, எட்கர்டன் என்ற இருவர் பல நாட்டுச் சமூகங்களின் குடிப் பழக்கங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார்கள். குடித்தவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது பெரும்பாலும் அவனுடைய சமூகம் போதைக்கு எவ்வளவு விலக்கு அளிக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தள்ளாடிக்கொண்டு வருபவன் வழியில் மேஸ்திரியை அடிப்பதில்லை, ரோந்து வரும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, கடன் கொடுத்தவரை அடிப்பதில்லை. வீடு வரும்வரை கை அடங்கித்தான் இருக்கிறது. யாரை அடித்தால் ஒன்றும் ஆகாது என்ற அறிவு எந்தப் போதையிலும் தெளிவாகவே இருக்கிறது.

அதற்காக மதுவைக் கட்டுப்படுத்துவது வீண் என்று சொல்லிவிட முடியாது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் எழுத்தறிவு இயக்க வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி மதுவிலக்கு வரை போனது. 2016 ஏப்ரலில் பீகார் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. குடும்ப நல ஆய்வின் பல சுற்றுத் தரவுகளை வைத்து, பீகாரை அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டு 2024இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் வந்த ஆய்வு, அந்தத் தடையால் ஏறத்தாழ 21 லட்சம் பெண்கள் கணவனின் வன்முறையிலிருந்து தப்பியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்துக் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள் என்பதும் அதே தடையின் கதைதான். இந்தக் கணக்கில் லாபத்தை மட்டும் எழுதுகிறவர்களையும் நட்டத்தை மட்டும் எழுதுகிறவர்களையும் நான் நம்புவதில்லை.

குடிக்கு அடுத்து மழை. நகரத்துக் கட்டுரைகளில் இந்தக் காரணி வருவதே இல்லை. ஷீதல் சேக்ரி, ஆடம் ஸ்டோரிகார்ட் என்ற பொருளியலாளர்கள் 2002 முதல் 2007 வரையிலான மாவட்ட வாரியான குற்றப் பதிவுகளை அந்தந்த மாவட்ட மழையளவோடு பொருத்திப் பார்த்தார்கள். வழக்கமான மழையிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு குறைந்த ஆண்டுகளில் வரதட்சிணைச் சாவுகள் 7.8 சதவீதம் கூடியிருந்தன. மழை என்பது மனிதர் யாரும் திட்டமிட்டு வரவழைப்பதல்ல என்பதால் காரண காரியத்தைப் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு அது வசதியான கருவி. கெட்ட குணமுள்ளவர்கள் ஊரில் மட்டும் மழை பொய்ப்பதில்லையே. வானம் ஏமாற்றினால் கிணறு வற்றும், விதைத்தது கருகும், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பான். அப்போது கையில் காசு வரக்கூடிய ஒரே இடமாகத் தெரிவது மனைவியின் பிறந்த வீடு. மாமனாரை ஒரு காப்பீட்டு நிறுவனம்போல நடத்துகிறார்கள், பிரீமியம் கட்டாமலே இழப்பீடு கேட்கிறார்கள்.

இதன் குரூரமான தர்க்கத்தை விஜயேந்திர ராவும் பிரான்சிஸ் பிளாக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள், அதே கர்நாடகக் குடும்பங்களை வைத்து. சீர் குறைவாகக் கொண்டுவந்தவள் அடி வாங்குவது எதிர்பார்த்ததுதான். ஆனால் வசதியான வீட்டிலிருந்து வந்த பெண்ணும் கூடுதலாக அடி வாங்கினாள். அவளை அடித்தால் அந்த வீட்டிலிருந்து இன்னும் கறக்கலாம் என்பதால். கோபத்தில் வரும் அடி என்றால் மாமனாரின் சொத்து மதிப்பு பார்த்து வராது. இது பேரம் பேசும் அடி.

அப்படியானால் பெண் தானே சம்பாதித்தால்? இங்கே முன்னேற்றத் திட்டங்களை வகுப்பவர்களின் எளிய நம்பிக்கை அடிபடுகிறது. மைக்கேல் கேனிக் குழுவினர் வங்கதேசத்தின் இரண்டு கிராமப் பகுதிகளில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. பழைமைப் பிடிப்பு மிகுந்த சிராஜ்கஞ்சில், தன்னிச்சையாக நடமாடிய பெண்களும் சேமிப்புக் கடன் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக அடி வாங்கினார்கள். கொஞ்சம் தளர்வான ஜெசோரில் அந்த விளைவு இல்லை. அங்கே இன்னொன்று நடந்தது. சுற்றிலும் உள்ள பெண்களின் நிலை உயர்ந்திருந்த இடங்களில், அடிபடும் அபாயமே குறைந்திருந்தது. அதாவது ஊரில் ஒருத்தி மட்டும் வெளியே கிளம்பினால் அவள் திமிர் பிடித்தவள். பத்துப் பேர் கிளம்பினால் அது ஊர் வழக்கம். ஒரே குழு, ஒரே கடன், ஒரே நாடு, ஊர் மட்டும் வேறு.

அந்த ஆய்வில் போகிற போக்கில் வரும் ஒரு செய்தி நம் நாடகத் தொடர்களை நம்புகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த பெண்களுக்கு அடிபடும் அபாயம் குறைவாக இருந்தது. மாமியார் எப்போதும் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுபவளாக மட்டும் இருப்பதில்லை, சில வீடுகளில் மகனின் கையைப் பிடித்து நிறுத்துபவளும் அவள்தான்.

வேலையைப் பற்றி இன்னொரு கோணமும் உண்டு. யூ-மி சின் என்ற பொருளியலாளர் 2012இல் இந்தியக் கிராமங்களை ஆராய்ந்து, பெண் வேலைக்குப் போவது வன்முறையைக் குறைக்கிறது என்று கண்டார். அதற்கு அவர் முதன்மையாகக் காட்டிய காரணம் வெகு சாதாரணமானது. நடவுக்கோ களை பறிக்கவோ போனவள் பகலெல்லாம் கணவனின் கை எட்டாத இடத்தில் இருக்கிறாள். கௌரவமும் பேரம் பேசும் வலுவும் பின்னால் வரலாம், முதலில் வருவது தூரம்.

இப்போது இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுக்கு வருகிறேன். பிரதீப் பண்டாவும் பீனா அகர்வாலும் 2001இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக 502 பெண்களிடம் விசாரித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட முக்கியக் கேள்வி: உங்கள் பெயரில் வீடோ நிலமோ இருக்கிறதா? இரண்டும் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் நீண்டகால உடல் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18. வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10. இரண்டும் வைத்திருந்தவர்களில் 7. கணவனின் குடி, குடும்ப வருமானம், படிப்பு, வேலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் சொத்தின் விளைவு நின்றது. வேலையின் விளைவு அவ்வளவு நேராக இல்லை. கணவனைவிட நல்ல வேலையில் இருந்த மனைவிக்கு அபாயம் கூடத்தான் செய்தது.

சம்பளத்தால் ஆகாதது வீட்டால் ஏன் ஆனது? சம்பளத்தைக் கணவன் பிடுங்கிக்கொள்ளலாம், குடிக்கச் செலவழிக்கலாம். அவள் பெயரில் உள்ள வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த வீடு அவளுக்கு ஒரு போக்கிடம். அடிபட்ட பெண்களில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் யார் என்று பார்த்தபோது இது இன்னும் துலங்கியது. சொத்து உள்ளவர்களில் 71 சதவீதத்தினர் வெளியேறினார்கள், இல்லாதவர்களில் 19 சதவீதத்தினர். வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொத்து இல்லாதவர்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வெளியேறியவர்களின் கணக்கு அல்ல, வெளியேறத் தேவையே வராதவர்களின் கணக்கு. அவள் எழுந்து போய்விட முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தாலே கை ஓங்குவதற்குமுன் யோசிக்கிறான்.

இதை வைத்து உடனே தமிழ்நாட்டுக்கு முடிவு எழுதிவிடக் கூடாது. திருவனந்தபுரம் மருமக்கள் வழி மரபின் மிச்சம் உள்ள மண். பெண்ணுக்குச் சொத்து எழுதி வைக்கும் பெற்றோர் வேறு வகையிலும் அவளுக்கு ஆதரவாக இருக்கக்கூடியவர்கள். சொத்தா, அந்தப் பெற்றோரா, எது காத்தது என்று முழுக்கப் பிரிக்க முடியாது. ஆனாலும் நம் ஊர் நிலைமையை நினைத்துப் பார்க்க இது உதவுகிறது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, இந்தியா முழுமைக்கும் 2005இல். விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கையும் 2005 திருத்தம் நீக்கியது. இருந்தும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நில உடைமைகளை நடத்துபவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம்தான். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்று அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதை எந்தச் சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் பார்க்கலாம். நகை முதல் வருஷத்திலேயே அடகுக் கடைக்குப் போய்விடும். கையெழுத்தோடு அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும் உரிமையும் போய்விடுகிறது. பிறகு அவள் வந்தால் விருந்தாளி, பத்து நாள் தங்கினால் "வாழாவெட்டி".

ஊரின் பேச்சு என்பது காற்றில் போவதல்ல, அதையும் அளந்திருக்கிறார்கள். மனைவியைக் கணவன் அடிப்பது எப்போது நியாயம் என்று ஏழு சூழல்களைக் குடும்ப நல ஆய்வு முன்வைக்கிறது. சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளையையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், ஒழுங்காகச் சமைக்காவிட்டால், மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காவிட்டால் என்று போகிறது பட்டியல். இவற்றில் ஒன்றிலாவது அடிப்பது சரி என்றவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44. பெண்கள் ஒரு சதவீதம் கூட. தெலங்கானாவில் 84 சதவீதப் பெண்கள் அப்படிச் சொன்னார்கள். அடி குறைவாகப் பதிவான கேரளத்திலேயே பாதிக்கு மேல். இதைப் படித்துவிட்டு 'பெண்களே இப்படி' என்று சலித்துக்கொள்வது எளிது. தப்பிக்க வழி இல்லாத இடத்தில் நடப்பதை நியாயம் என்று நம்புவது மனத்தைக் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று. 'நான் குழம்பில் உப்பை மறந்தேன், அதனால் அடித்தார்' என்றால் நாளை உப்புப் போட்டுத் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை மிஞ்சுகிறது. காரணமே இல்லாமல் அடிக்கிறார் என்று ஒப்புக்கொண்டால் எதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாளைத் தொடங்குவது?

இந்த நியாயம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், அப்படிப் பார்க்காதவர்களைப்போல ஏறக்குறைய இருமடங்கு விகிதத்தில் கணவனிடம் அடி வாங்குகிறார்கள் என்று 2005-06 சுற்று காட்டியது. இளவயதுத் திருமணமும் இதோடு சேர்கிறது. 2019-21 சுற்றின்படி 20 முதல் 24 வயதுக் கிராமப் பெண்களில் 27 சதவீதத்தினர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள், நகரத்தில் அது 15ஐ ஒட்டியது. பதினாறு வயதுப் பெண்ணிடம் படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை, எதிர்த்துப் பேசும் பழக்கமும் இல்லை.

கிராமத்தில் இரகசியம் கிடையாது. பக்கத்து ஓட்டு வீட்டில் பாத்திரம் உருண்டால் இந்த வீட்டில் கேட்கும். ஆனாலும் "புருஷன் பொண்டாட்டி சண்டையில நாம தலையிடக் கூடாது" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் எதுவும் சொல்லாதபோது, அந்த மௌனத்தை அடிப்பவன் அனுமதியாக எடுத்துக்கொள்கிறான். அடிபட்டவளும் பேசுவதில்லை. வன்முறையைச் சந்தித்தவர்களில் 77 சதவீதத்தினர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான், அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. காவல் நிலையம் போனவர்கள் மிகக் குறைவு.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மையக் கருத்து போக்கிடம் பற்றியதுதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை வெளியே தள்ள முடியாது, தேவைப்பட்டால் கணவனையே வெளியேறச் சொல்லி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இந்த உரிமை பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மனுவை அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அவளுக்காக அறிக்கை எழுத வேண்டிய பாதுகாப்பு அலுவலர் இருப்பது மாவட்டத் தலைநகரில். மலையடிவாரத்து ஊர்ப் பெண் அங்கே போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். போனது எதற்கு என்று மாலையில் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தன. ஆனால் அங்கேயும் பல வழக்குகள் "பேசி அனுப்பி வை" என்ற சமரசத்தில் முடிந்து, அவள் அதே பேருந்தில் அதே ஆளோடு ஊர் திரும்புகிறாள். 181க்குப் போன் செய்யலாம், போன் அவள் கையில் இருந்தால்.

எது வேலை செய்தது என்றும் தெரியும். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணக் கிராமங்களில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடனும், அதே கடன் கூட்டங்களில் ஆண் பெண் உறவு பற்றிய உரையாடலும் சேர்த்து நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் கணவன் அல்லது துணைவனின் வன்முறை 55 சதவீதம் குறைந்ததாக 2006இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சிராஜ்கஞ்சில் கடன் மட்டும் தனியே வந்தபோது என்ன ஆனது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், பணத்தோடு வந்த பேச்சுக்கு எவ்வளவு பங்கு என்பது புரியும்.

இன்னும் வியப்பானது வங்கதேசக் கிராமங்களில் 2012 முதல் 2014 வரை நடந்த சோதனை. ஒரு பிரிவுப் பெண்களுக்குப் பணமோ உணவுப் பொருளோ மட்டும் மாதாமாதம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதோடு குழந்தைச் சத்துணவு வகுப்பும் சேர்த்து நடத்தினார்கள். வாரந்தோறும் பெண்கள் கூடுவார்கள், பயிற்சியாளர் வீட்டுக்கும் வருவார், மாமியாரையும் ஊர்ப் பெரியவர்களையும்கூட அழைத்துப் பேசுவார்கள். வகுப்பில் அடி உதை பற்றி எதுவும் இல்லை, கீரையும் முட்டையும் தாய்ப்பாலும்தான். எல்லாம் நின்று ஆறு முதல் பத்து மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, பணமோ உணவோ மட்டும் பெற்றவர்கள் வீட்டில் மாற்றம் எதுவும் தங்கவில்லை. வகுப்புக்கும் போனவர்கள் வீட்டில் உடல் வன்முறை 26 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அந்தப் பெண்களுக்கு ஊருக்குள் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்பது. முகத்தில் வீக்கத்தோடு ஒருத்தி வந்தால் கேட்க நாலு பேர் உண்டு, கேட்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கின்றன. வீட்டிலிருந்து கேள்வி வராமல் பெண்கள் கூடி உட்காரக்கூடிய இடம் ஊரில் அது ஒன்றுதான். தவணைக் கணக்கை எழுதி, வராதவர் பெயரைக் குறித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டதும் எழுந்துவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் உட்கார வைப்பதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒரு பயிற்சியாளரும் அவருக்கு ஒழுங்காக மாதச் சம்பளமும் போதும். இப்போதைக்குத் திட்ட அறிக்கைகளில் எண்ணப்படுவது கடன் திரும்பி வந்த சதவீதம் மட்டும்தான்.